என்னைத் தாண்டிய ஜெசிந்தா

சுருளைப் பிரித்ததும் முதலில் வருவது அந்த வாடைதான். மூக்கின் நுனியில் ஏறி, கண்ணில் நீர் கோக்க வைத்து, பிறகு வெகுநேரம் விரல்களில் தங்கிவிடுகிற அம்மோனியா வாடை. எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அப்பா அங்கே வரைபடப் பிரிவில் எழுத்தராக இருந்தார். கடலுக்குள் கல் கொட்டி நீட்டிக்கொண்டே போன அலைதடுப்புச் சுவரின் படங்கள் ஆளுயரத் தாள்களில் நீலக் கோடுகளாக அச்சாகும். ஏதாவது ஓர் அளவு மாறிவிட்டால் பழைய தாள் ‘கேன்சல்’. அப்படிக் கழிந்தவற்றை அப்பா சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அவற்றைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிப்பாள். எனக்கு வேண்டியிருந்தது அவற்றின் வெள்ளைப் பின்பக்கம். ஒரு சிறுமி தன் முழு நீளத்துக்கும் படுத்துக்கொள்ளக்கூடிய அவ்வளவு பெரிய வெள்ளை.

நாங்கள் ஆற்றங்கரைக்காரர்கள். தாமிரபரணித் தண்ணீரில் நெல்லும் வாழையும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் அப்பாதான் முதலில் படித்து வேலைக்கு வந்தவர். உப்பளங்களுக்குப் பக்கத்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நின்ற ‘லைன் வீடு’ ஒன்றில் குடியேறினோம். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அக்கம்பக்கத்தில் என் வயதுப் பெண்களும் இல்லை. கடற்கரையோரத்துப் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சித்தி மகளாகவோ மாமா மகளாகவோ இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் யார் என்ன பாவாடை கட்டி வந்தாள் என்பதில் தொடங்கும் அவர்கள் பேச்சு, வெள்ளிக்கிழமைவரை அறுபடாமல் போகும். அதற்குள் நுழைய எனக்கு ஒரு வாசல் கிடைக்கவில்லை.

காலைப் பிரார்த்தனைக்கு உயரப்படி வரிசையில் நிற்க வேண்டும். வகுப்பில் நான்தான் ஆகக் குட்டை. அதனால் எப்போதும் முதல் ஆள். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் கிசுகிசுப்பதும் சிரிப்பை அடக்குவதும் கேட்கும்; எனக்கு முன்னால் கொடிக்கம்பம் மட்டும் நிற்கும். திரும்பிப் பார்த்தால் தலைமையாசிரியையின் கண் நேராக என் மேல்தான் விழும். ‘அரைப்படி’ என்று எனக்குப் பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்ததில்கூட எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் வளர்ந்தால் போதும், வரிசையில் நாலு பேர் பின்னால் தள்ளிப்போவேன், எனக்கு முன்னாலும் ஒரு பின்னல் ஆடும், அதன் சொந்தக்காரி என்றாவது திரும்பிப் பேசுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வளர்வது என்பதற்கு அந்த வயதில் எனக்கு வேறு அர்த்தம் இருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஓவிய வகுப்பில் ‘நான்’ என்ற வேலை வந்தது. பூச்சாடியும் மாம்பழமும் வரையவைத்துக் கொண்டிருந்த டிராயிங் டீச்சர், கோடை விடுமுறையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, இந்த வருடம் முழுவதும் ஒரே ஒரு படம்தான் என்றார். ஒவ்வொருத்தியும் ஆளுயரத் தாளில் படுக்க வேண்டும். கூட்டாளி சுற்றிக் கோடு போட வேண்டும். காலாண்டுப் பரீட்சைக்கு முன் கரியால் ஒரு கோடு, அரையாண்டுக்கு முன் சிவப்பில் ஒன்று, முழுப்பரீட்சைக்கு முன் பச்சையில் ஒன்று, மூன்றும் அதே தாளில். ஒவ்வொரு தடவையும், தன்னைப் பற்றித் தான் புதிதாகத் தெரிந்துகொண்டதைக் கோட்டுக்குள்ளே வரைய வேண்டும்.

“நம்மளப் பத்தி நமக்குத் தெரியாதது என்ன டீச்சர் இருக்கு?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“உனக்குத் தெரியாதது நிறைய இருக்கு. கணக்குப் பரீட்சைல முட்டை வாங்கினியே, அதை வரை” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

கூட்டாளி யார் என்ற பேச்சு வந்ததும், கண் மூடித் திறப்பதற்குள் எல்லோரும் இரண்டிரண்டாகிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் வரிசையின் முதல் ஆளான நானும் கடைசி ஆளான ஜெசிந்தாவும். திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடலோர ஊரான ஆலந்தலையிலிருந்து வந்து, தூத்துக்குடியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள் அவள். அவளும் யாருடனும் அதிகம் ஒட்டமாட்டாள். ஆனால் அது அவளை உறுத்தியதாகத் தெரியவில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, “உனக்குக் கோடு போட எனக்குக் கரி மிச்சம்ளா. எனக்குப் போட உனக்கு ஒரு மூட்டை வேணும்” என்றாள்.

வராந்தாவில் தாள்களை விரித்தோம். அவளுக்கும் சேர்த்து அப்பாவிடம் தாள் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நான் மல்லாந்து படுத்தேன். என் தலையருகே அவள் குந்தி உட்கார்ந்து, காதோரம் கரிக்கட்டியை நகர்த்தினாள். “மூச்ச விடாத, கோடு ஆடுது.” விட்டேன். “ஏளா, சிரிக்காத. உன் தோளு ரெண்டு தோளா வருது பாரு.” அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கரி விரல்களுக்கிடையே நுழைந்து வரும்போது கூசியது. அந்த ஊருக்கு வந்த பிறகு, அம்மாவைத் தவிர இன்னொருவர் என்மேல் அத்தனை கவனமாக இருந்தது அன்றுதான். கோடு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று கால்விரல்களை அகல விரித்துக்கொண்டேன்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்துக்குப் போகச் சுற்றி வருவதற்குச் சோம்பல்பட்டு, அவள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் இடுப்புக்கு மேலே ஒரே எட்டில் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

“தாண்டிட்டா! தாண்டிட்டா!” என்று வராந்தா முழுக்கக் கூச்சல் எழுந்தது. “ஏளா அரைப்படி, இனி நீ காப்படிதான்!”

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். படுத்திருக்கும் பிள்ளையைக் குறுக்கே தாண்டினால் அது வளராது. தாண்டியவரே திரும்பத் தாண்டினால்தான் சரியாகும். கடலோரத்துப் பிள்ளைகளுக்கும் இதே பயம் இருந்ததை அன்றுதான் அறிந்தேன். ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டு வலது பக்கக் கோட்டையும் முடித்தாள். திரும்பத் தாண்ட எழுந்தாள். அதற்குள் டீச்சர் வந்து, “என்ன சத்தம்? முடிச்சவங்க எந்திரிங்க, அடுத்த ஆள் படுங்க” என்று அதட்ட, நான் பதறி எழுந்துவிட்டேன். பிறகு அவள் படுத்தாள். அவள் கால் தாளைவிட்டு வெளியே போயிற்று. செய்தித்தாள் ஒட்டி நீளம் கொடுத்தோம். அவளைச் சுற்றி நான் நடந்து நடந்து கோடு போட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

“நாளைக்குத் தாண்டுதேன்ளா. நீ என்ன ஓடியா போயிரப் போற?” என்றாள்.

ஓடிப்போனது நானல்ல. மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆறாம் வகுப்பில் படித்த அவள் சித்தி மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எங்க பெரியம்மைக்கு, அதான் ஜெசிந்தாக்கா அம்மைக்கு, பிள்ள பொறந்திருக்கு. உடம்புக்கும் முடியல. இனி ஜெசிந்தாக்கா வராது” என்று சொல்லிவிட்டு அவள் கல்லா மண்ணா விளையாட ஓடிவிட்டாள்.

 ஐப்பசி மழை உப்பளங்களில் பெய்துகொண்டே இருக்கும். நான் வீட்டுக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் பென்சிலை வைத்துக் குறி போடுவேன். நேற்றைய குறியின் மேலேயே இன்றைய குறி விழும். அறிவியல் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள்தான். தாண்டுவதற்கும் எலும்புக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருக்க, பயம் இன்னொரு பக்கம் தன்பாட்டுக்கு இருந்தது. இன்றும் அப்படித்தான். பட்டம் வாங்கிவிட்டேன், ஆனால் என் மகள் தரையில் படுத்துக் கிறுக்கிக்கொண்டிருந்தால், கையில் கொதிக்கும் பால் இருந்தாலும் சுற்றித்தான் போகிறேன். இதை அவளுக்குப் பழக்கிவிடுகிறேனோ என்று ஒரு கவலை. பழக்காமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு கவலை.

அரையாண்டு வந்தது. வகுப்பில் ஒற்றைப்படையாகிவிட்டதால் எனக்குக் கூட்டாளி இல்லை. டீச்சரே சிவப்புப் பென்சிலால் விறுவிறுவென்று சுற்றி முடித்தார். எழுந்து பார்த்தேன். சிவப்புக் கோடு கரிக்கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. மற்றவர்கள் தாளிலெல்லாம் கரிக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. சிலருக்கு அது பென்சில் ஆடியதாகவும் இருக்கலாம். ஆனால் அன்று எனக்கு எல்லாம் வளர்ச்சியாகத்தான் தெரிந்தது.

“ஒத்தக் கோடு! ஏளா, வளராட்டாலும் போகுது, உப்புல போட்ட மாங்கா மாதிரி சுருங்கிராத!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

கோட்டுக்குள் என்ன வரைவது? காலாண்டிலும் ஒன்றும் வரையவில்லை. இப்போதும் வெற்றாகவே விட்டேன். டீச்சர் அலமாரி மேலிருந்து ஜெசிந்தாவின் சுருளை எடுத்து, “இது சும்மா கிடக்கு. உங்க வீட்டுத் தாள்தானே, கொண்டு போ” என்று கையில் கொடுத்தார்.

அன்று வீட்டில் அழுதுவிட்டேன். அப்பா சிரித்தார். “மூணு மாசத்துல எவளா வளந்துட்டா? இது என்ன வாழைக்கன்னா?”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அம்மா. அவள் முகம் மாறிவிட்டிருந்தது. “யாருளா தாண்டினது?”

“உங்கம்மா இருக்க லட்சணத்துக்கு உன்ன யாரும் தாண்டணுமா?” அப்பா அம்மாவைக் காட்டினார். பிறகு அவளிடமே, “உன்ன யாரு தாண்டினா, அதச் சொல்லு மொதல்ல” என்றார். அம்மா அப்பாவின் தோளுக்குக் கீழே நிற்பவள்.

அம்மா சிரிக்கவில்லை. யார், எந்த ஊர் என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு வாங்கினாள். அரையாண்டு விடுமுறையில் திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கியிருப்பதாக அப்பாவிடம் சொல்லி என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். கோயிலில் கும்பிட்டோம், ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம், பிறகு கடற்கரையோரமாகவே ஆலந்தலைக்கு நடந்தோம். ஜெசிந்தாவின் சுருள் என் கக்கத்தில் இருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். ஓலை வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரங்கள் காற்றில் படபடத்தன. ஜெசிந்தா தாவணி கட்டியிருந்தாள். இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றி இரண்டு தம்பிகள், அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “மாதாவே! ஏளா கோமதி, வழி தப்பி வந்துட்டியா?” என்றாள். அவள் என் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து உட்கார்ந்தார். எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி வந்தது. அம்மா தம்ளரைத் தொடாமல், “விரதம். கோயிலுக்குப் போயிட்டு வாறோம்லா” என்றாள். இட்லி எனக்கு நினைவிருந்தது. “விரதம்னா சரிதான்” என்று அந்த அம்மை சொன்ன தொனியில், அவருக்கும் ஏதோ விளங்கிவிட்டது என்று பட்டது. என் தம்ளரும் சேர்ந்தே உள்ளே போனது. நான் குடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா இருக்கும்போது அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

ஜெசிந்தா சுருளை மணலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். செய்தித்தாள் ஒட்டிய தன் பாதங்களைப் பார்த்துச் சிரித்தாள். “இந்தக் கழுதைக்கு அப்பவே தாள் பத்தல” என்றாள். தம்பிகள் இருவரும் படத்துக்கு மேலே குதிக்க வந்தார்கள்.

“தாண்டாதிங்கலே!” என்று கத்தினாள். “சுத்திப் போங்கலே, எருமைங்களா!”

அம்மா இதற்குத்தான் காத்திருந்ததுபோல் பேச்சை எடுத்தாள். “இந்தப் பிள்ளையத் தாண்டிட்டு நீ வந்துட்டியாம்மா. அழுதுகிட்டே கெடக்கா. ஒரு எட்டுத் திரும்பத் தாண்டிரு, நாங்க போயிருதோம்.”

ஜெசிந்தா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் அன்னைக்கே தாண்டிட்டேனே.”

“எப்ப?” என்றேன்.

“அன்னைக்குச் சாயங்காலமே என்னக் கூட்டிட்டுப் போக எங்க மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாவ. நீ வீட்டுக்குப் போயிட்டளா. மறுபடி வரமாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உன் படம் அங்கன வராந்தாவுல விரிச்சுக் கெடந்துச்சு. அதத் தாண்டிட்டுத்தான் மாமா கூடப் போனேன்.”

அம்மாவுக்கு இது ஏற்கவில்லை. “படத்தத் தாண்டினா ஆச்சா? அது காகிதம்லா? ஆளுல்லா படுக்கணும். ஏளா, இங்கன படு.”

மணலைக் காட்டினாள். ஜெசிந்தா இடுப்புக் குழந்தையைத் தன் அம்மையிடம் கொடுத்துவிட்டு, தாவணி நுனியைச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். “சொல்லுளா. தாண்டணும்னா தாண்டுதேன். எனக்கு என்ன, ஒரு எட்டுத்தான்.”

 அவள் என் படத்தைத் தாண்டியது செல்லுமென்றால், இப்போது தாண்டுவது புதிதாக ஒரு தடை. நான் மறுபடியும் நின்றுபோவேன். செல்லாதென்றால், இப்போது படுத்தே ஆக வேண்டும். அந்தக் கரிக்கோடு நானா, இல்லையா? டீச்சர் இரண்டு பரீட்சையாகக் கேட்டதும் நான் வெற்றாக விட்டதும் இந்தக் கேள்வியைத்தான் என்று அப்போது தோன்றியதாக எழுதினால் அது பொய். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். படிப்பு நின்றுபோன அந்தச் சாயங்காலத்தில், மாமா வாசலில் காத்திருக்க, ஒருத்தி திரும்பி வந்து என் படத்தைத் தாண்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் காகிதம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

“வேண்டாம்மா. அவ தாண்டிட்டா” என்றேன்.

அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் படுக்கவில்லை. அம்மா சொல்லி நான் மறுத்தது அதுவே முதல். ஜெசிந்தா தாவணியை இறக்கிவிட்டுக் குழந்தையைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வெயிலுக்கு முந்திப் போங்க” என்றாள்.

முழுப்பரீட்சைக்கு முன் பச்சைக் கோட்டை அம்மா வீட்டில் வைத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் சுற்றியே போய், புடவை நுனிகூட என்மேல் படாமல் போட்டாள். உச்சந்தலையில் கோடு ஒரு விரற்கடை விலகியிருந்தது. உள்ளே இந்தத் தடவை வரைந்தேன். என் இடுப்புக்கு மேலே, அந்தரத்தில், பாவாடை சுருட்டிய நீளமான ஒரு கால். ஆண்டுவிழாவில் சுவரில் மாட்டினார்கள். டீச்சர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “உன்னை வரையச் சொன்னா யாரையோ வரைஞ்சிருக்கே” என்றார். பச்சைக் கோட்டுக்காகப் பாதி மதிப்பெண் கிடைத்தது.

நான் வளர்ந்து கிழித்துவிடவில்லை. அம்மாவைவிட இரண்டு விரல் கூட, அவ்வளவுதான். ரேஷன் கடையில் இன்றும் முன்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டித்தான் பார்க்கிறேன். “அன்னைக்கே படுன்னு சொன்னேன், கேட்டியா?” என்று அம்மா ஒவ்வொரு வருகையிலும் சொல்கிறாள். என் மகளை நிற்கவைத்து உயரம் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு வரும்.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்து வராந்தாவை வகுப்பறைகளாகத் தடுத்துவிட்டார்கள். படம் எங்கே போயிற்று என்று தெரியாது. அப்பாவுக்கு மாற்றலானபோது எந்தத் தட்டிலாவது விரிப்பாகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை ஆலந்தலைக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் படகோடு வேறு கரைக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன என்றார்கள். எந்தக் கரை என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார்.

உயரத்தைப் பற்றி எனக்கு இப்போது குறையில்லை. வேறொன்றுதான் விடாமல் அரிக்கிறது. அவளை நம்பினேன் என்பதற்காகத்தான் அன்று நான் படுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் அந்த வீட்டுக் காப்பி தொடப்படாமல் உள்ளே போயிருந்தது. தாவணியைச் செருகிக்கொண்டு நின்றவளிடம் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாளா, இல்லை, தன் கால் என்மேல் படாமல் நான் ஒதுங்கியதாக எடுத்துக்கொண்டாளா? கேட்டுத் தெரிந்துகொள்ள அவள் ஒருத்திதான் இருந்தாள்.